சந்துக்கு வடக்கு

அத்தியாயம் 11

சூரியன் தப்பா, பத்திரம் தப்பா?

காலை ஏழு மணிக்கு வாசல் கதவைத் திறந்ததும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. தெருப் பக்கமிருந்துதான் அடித்தது. இந்த வீட்டிலேயே பிறந்து, இதே வாசலில் நின்று பல் தேய்த்து வளர்ந்தவளுக்கு அதில் என்ன சந்தேகம்? காலை வெயில் வரும் பக்கம் கிழக்கு. ஆகவே தெரு கிழக்கே இருக்கிறது.

அவள் கையிலிருந்த பத்திரமோ, முத்திரைத்தாளில், பதிவாளர் கையெழுத்தோடு வேறு கதை சொன்னது. ‘மேற்கு: தெரு.’

சூரியன் ஒருநாளும் பதிவு அலுவலகத்துப் படி ஏறியதில்லை. கையெழுத்துப் போடவும் அதற்குத் தெரியாது. பத்திரத்துக்கு எதிராக அதன் சாட்சி எடுபடுமா என்ன?

சீலக்கா பத்திரத்தை வேலை மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு மைப்பெட்டியை வைத்தாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் சீலக்காதான். ரப்பர் சீல் செய்வது தொழில். மருத்துவர், தலைமையாசிரியர், வக்கீல் என்று யாருக்கு முத்திரை வேண்டுமானாலும் சந்துக்குள் திரும்பி அவளுடைய பக்கவாசலைத் தட்ட வேண்டும். தெரு வாசல் குடும்பத்துக்கு, சந்து வாசல் தொழிலுக்கு. அந்த மூலை வீட்டின் அருமையே அதுதான்.

அந்த அருமை அண்ணனுக்கும் தெரிந்துவிட்டதுதான் வினை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து, “பாப்பா, நீ குடியிருக்கிற வீடு என்னோடது, தெரியுமா உனக்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டதை நீங்கள் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை.

அவள் தாளை எடுத்து மறுபடி ஒரு படம் போட்டாள். தெற்கே சந்து. சந்தை ஒட்டி அவள் வீடு. அடுத்து நடுவில் பொதுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் பாதி. அதற்கும் வடக்கே அச்சகம். கிழக்கே தெரு, மேற்கே கிணறு. ஒரே மனைதான். ஆறு வருடத்துக்கு முன் அப்பா அதை இரண்டாகப் பிரித்து, ஒரே நாளில் இரண்டு தானப் பத்திரம் எழுதினார். சந்து ஓரத்துப் பாதி மகளுக்கு, அச்சகத்துப் பக்கத்துப் பாதி மூத்தவனுக்கு. கடைத்தெருக் கடையை முன்பே இளையவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது அவளுடைய பத்திரம் என்ன சொல்கிறது?

‘வடக்கு: சந்து. தெற்கு: பொதுச்சுவர். மேற்கு: தெரு. கிழக்கு: கிணறு.’

பொதுச்சுவர் எந்தப் பாதிக்குத் தெற்கே இருக்கிறது? அண்ணனின் பாதிக்கு.

அண்ணனின் பத்திர நகலைப் பார்த்தால், ‘வடக்கு: பொதுச்சுவர்’ என்று இருக்கிறது. பொதுச்சுவர் எந்தப் பாதிக்கு வடக்கே? இவள் பாதிக்கு.

ஒரு காகிதம் மட்டும் சொன்னால் தட்டச்சுப் பிழை என்று தள்ளிவிடலாம். இரண்டும் கை கோத்துக்கொண்டு வந்து, அவர் வீட்டில் நீ இருக்கிறாய், உன் வீட்டில் அவர் இருக்கிறார் என்று சொன்னால் என்ன செய்வது? “அப்பா கடைசி நேரத்துல மனசு மாறிட்டார் பாப்பா. உங்கிட்டச் சொல்லச் சங்கடப்பட்டிருப்பார்” என்று அண்ணன் சொன்னது காதிலேயே நின்றது. வீடு போவது ஒரு பக்கம். ‘இது உனக்குத்தாம்மா’ என்று அதே வாசலில் நின்று சொன்ன மனிதர், பதிவு அலுவலகத்தில் போய் வேறு மாதிரிக் கையெழுத்துப் போட்டாரா? அந்த நினைப்புத்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தாள். சீல் செய்கிறவளுக்கு இது பழக்கம். ரப்பரில் எழுத்தை வலம் இடமாகத் திருப்பி வெட்டினால்தான் காகிதத்தில் நேராக விழும். திருப்பி எழுதியதைக் கண்ணாடியில் காட்டினால் குட்டு உடைந்துவிடும். பத்திரத்தில் உள்ளபடி இன்னொரு படம் வரைந்து, அதன் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினாள். தெரு கிழக்கே வந்தது. சந்து வடக்கிலேயே நின்றது. கண்ணாடியை மேல் விளிம்புக்கு மாற்றினாள். சந்து தெற்கே வந்தது. தெரு மேற்குக்கே போய்விட்டது.

கண்ணாடி ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் புரட்டும். இங்கே இரண்டும் புரண்டிருக்கின்றன.

அதற்கு மேல் புத்தி ஓடவில்லை. பக்கவாசலை யாரோ தட்டினார்கள்.

தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். சட்டைக் கையில் கருப்பு கிரீஸ், முகத்தில் குற்ற உணர்ச்சி. இரண்டும் துடைத்தால் போகாதவை.

“அக்கா, அண்ணன் இதை உங்கிட்டக் குடுக்கச் சொன்னார். மூணு மணிக்கு வருவாராம்.”

பிழைதிருத்தல் பத்திரம். இரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டில் அண்ணன் கையெழுத்து. மூன்றாவது கோட்டில் தம்பியுடையது. நடுக்கோடு காலி.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“படிச்சியா?”

“சும்மா எழுத்துப் பிழைதான்னு அண்ணன் சொன்னார்...”

“ஏன்டா, ஒரு கட்டடத்துக்குப் போனா கயிறு, சக்கரம், பிரேக்குன்னு எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தானே லிஃப்டை ஓட விடுற?”

“அது விழுந்தா ஆள் செத்துடும்க்கா.”

“இது விழுந்தா நான் தெருவுல நிப்பேன். பரவாயில்லையா?”

தம்பி சட்டைக் கையிலிருந்த கிரீஸைத் தேய்க்க ஆரம்பித்தான்.

அவள் படித்தாள். அவளுடைய சொத்து விவரத்தில் மூன்று வரிகள் திருத்தப்பட்டிருந்தன. ‘மேற்கு: தெரு’ என்பது ‘கிழக்கு: தெரு’ ஆனது. கிணறு மேற்கே போனது. ‘வடக்கு: சந்து’ என்பது ‘வடக்கு: அச்சகம்’ ஆனது. நான்காவது வரியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ‘தெற்கு: பொதுச்சுவர்.’ அவர் பத்திரத்திலும் அதே தந்திரம். தெருவும் கிணறும் சரியாக்கப்பட்டு, அச்சகம் இருந்த இடத்தில் சந்து வந்து உட்கார்ந்திருந்தது.

பார்த்தால் பாலில் குளித்த மாதிரி சுத்தமாக இருந்தது. தெரு சரி, கிணறு சரி, சூரியனுக்கும் திருப்தி. அந்த ஒரு வரியைத் தொடாமல் விட்டதில் வீடு கை மாறிவிட்டது.

“அக்கா, வீட்டு வரி ரசீது உன் பேர்லதானே வருது? அதைக் காட்டலாமே?”

“அதை அன்னைக்கே காட்டிட்டேன். ‘வரி கட்டினா குடியிருக்கேன்னுதான் அர்த்தம், சொந்தம்னு அர்த்தமில்ல’ன்னார். அது நிஜந்தான்டா. சொந்தம்னு சொல்ல பத்திரம் பேசணும்.”

“அப்போ கையெழுத்துப் போடாதே. அவர் என்ன பண்ணுவார்?”

“அப்பா இருந்தா அவரே திருத்திக் குடுப்பார். அவர் இல்லாததால, அவர் இடத்துல வாரிசு மூணு பேரும் நிக்கணும். என் கையெழுத்து இல்லாம இது செல்லாது. அதனாலதான் பாப்பா, பாப்பான்னு தேனா ஊத்துறார். ஆனா நான் போடலைன்னாலும் என் பத்திரம் தப்பாவேதான் கிடக்கும். தெரு மேற்கே இருக்கிற வீடு இந்த ஊர்லயே இல்ல. இல்லாத வீட்டுக்கு நான் சொந்தக்காரி.”

தம்பி தலையைச் சொறிந்தான். கிரீஸ் தலைக்கும் ஏறியது.

“சரி, ஒரு வேலை செய். இந்த மனையை அப்பா வாங்கினப்போ எழுதின மூலப் பத்திரம் ஒண்ணு இருக்கும். பதிவு அலுவலகத்துல மனு போட்டு நகல் வாங்கு. அப்படியே இந்த மனைக்கு வில்லங்கச் சான்றும் கேளு. கையில வாங்காம வராதே. வாங்கினதைப் படி. ஒவ்வொரு எழுத்தா படி.”

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு ‘கட்டம்’ என்று பெயர். மற்றவர்கள் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடைக்க ஆரம்பித்தவர் அவர். ஊரே மெச்சியது. அவருடைய ஏழு முத்திரைகளும் சீலக்கா செய்து கொடுத்தவை.

சீலக்கா வந்து நின்றதும் அவர் தொண்டையைச் செருமி, பக்கத்துத் தொட்டிச் செடியில் துப்பிவிட்டு, “வாம்மா” என்றார். அந்தச் செடி என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை.

“ஐயா, எங்கப்பாவோட ரெண்டு தானப் பத்திரமும் நீங்கதானே எழுதினது?”

“நானேதான். உங்கப்பா ஒரு தாள்ல நாலு எல்லையையும் கையால எழுதிட்டு வந்தார். நல்ல கையெழுத்து. நான் அதைப் பாத்து அப்படியே கட்டத்துல ஏத்தினேன். ஒரு எழுத்து நான் கூட்டலம்மா. முப்பது வருஷத்துல ஒருத்தர் சொல்லட்டும், நான் ஒரு எழுத்துக் கூட்டினேன்னு!”

“கூட்டலைன்னா சரி. அந்தத் தாள் எங்கே?”

அவர் இரும்பு அலமாரியைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“உங்கண்ணன் வந்து ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனார்மா. ஒண்ணரை மாசம் இருக்கும். நானும் ரெண்டு தடவை கேட்டேன். காணாமப் போச்சுன்னுட்டார்.”

ஒன்றரை மாதம்! ஞாயிற்றுக்கிழமைதான் தனக்கே விஷயம் தெரிந்த மாதிரி வந்து உட்கார்ந்து வியந்தாரே? ‘எனக்கே ஷாக்கா இருந்துச்சு பாப்பா’ என்று நெஞ்சில் கை வைத்தாரே? அந்தக் கையை நினைத்தபோது அவளுக்கு, பல் விளக்காமல் காபி குடித்த மாதிரி வாய் முழுக்கக் கசந்தது.

மூன்று மணி என்றால் அண்ணன் மூன்று மணிக்கே வந்துவிடுவார். நல்லது கெட்டது எதுவானாலும் நேரம் தவறாத மனிதர். சலவைச் சட்டை, வாசனைத் திரவியம், கையில் கார்ச் சாவி. வந்ததும் வராததுமாக, “வா பாப்பா, அந்தப் பாதியை ஒரு தடவை பாத்துடலாம். நீ மனசுல பெருசா பயந்துக்கிட்டிருக்கே. அவ்வளவு மோசமில்ல” என்றார்.

பூட்டைத் திறந்தபோதே மூக்கு உள்ளே வர மறுத்தது.

உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தகர டின்களில் வாங்கி அடுக்கும் ஒருவனுக்கு அண்ணன் அந்த இடத்தை விட்டிருந்தார். கூரை ஓட்டில் நாலைந்து இல்லை. டின்களின் வாயில் கருப்புப் பிசின். தரையில் கால் வைத்தால் செருப்பைத் தரை திருப்பிக் கொடுக்க மறுத்தது. பொதுச்சுவரின் அடியில் முழ உயரத்துக்கு எண்ணெய் ஏறி, சுவர் வேர்த்த முதுகு மாதிரி பளபளத்தது. அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு வருடமாக வரும் பழுப்புக் கறைக்கு இப்போது காரணம் தெரிந்தது. மூலையில் ஏதோ எலியாக இருந்து முடித்திருந்தது.

“நல்ல காத்தோட்டமான இடம்” என்றார் அண்ணன், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே.

“கூரையில ஓடு இல்லைன்னா காத்து வரத்தான் செய்யும்.”

“பினாயில் ஊத்திக் கழுவினா எல்லாம் சரியாயிடும். உனக்குன்னா நானே ஆள் வெச்சுக் கழுவித் தர்றேன். தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?”

தோளில் கை வைத்தார். அவள் எண்ணெய்த் தரையில் வழுக்கினாலும் பரவாயில்லை என்று ஓரடி நகர்ந்தாள்.

திரும்பி வந்து வேலை மேசை முன் உட்கார்ந்ததும் அவர் கார்ச் சாவியால் காதைக் குடைந்தார். வெளியே எடுத்து என்ன வந்தது என்று பார்த்தார். பிறகு அதே சாவியால் திருத்தல் பத்திரத்தின் நடுக்கோட்டைக் காட்டினார்.

“இங்கே ஒண்ணு. முதல் பக்கத்துல ஒண்ணு. அவ்வளவுதான்.”

“யோசிக்கணும்ண்ணா. நீங்க ஞாயித்துக்கிழமைதானே சொன்னீங்க?”

“எனக்கே போன வாரந்தானே பாப்பா தெரியும்! யோசி, தாராளமா யோசி. ஆனா கோர்ட்டுன்னு போனா உனக்குத் தலை நரைச்சுடும். காகிதம் ரெண்டும் ஒரே மாதிரி பேசுது. ஒண்ணு தப்பாகலாம், ரெண்டும் எப்படித் தப்பாகும்? அப்பா நினைச்சதைத்தான் எழுதியிருக்கார். பெரியவரோட ஆசைக்கு நாம மரியாதை குடுக்க வேணாமா?”

பேசப் பேச அவருடைய கை சும்மா இருக்கவில்லை. மேசையில் புதிதாகச் செய்து காயவைத்திருந்த ஒரு சீலை எடுத்தார். மைப்பெட்டியில் நசுக்கினார். அவள் காலையில் வரைந்த படத்தின் மேலேயே ஓங்கிக் குத்தினார். விரலில் ஒட்டிய மையை அவளுடைய ஜன்னல் திரையில் துடைத்தார்.

திட்ட வாயைத் திறந்த சீலக்கா, குனிந்து தாளைப் பார்த்தாள்.

‘பெறப்பட்டது.’ சீல் தலைகீழாக விழுந்திருந்தது.

அவள் செய்யும் ஒவ்வொரு சீலின் கைப்பிடியிலும் ஒரு சின்னப் பித்தளை ஆணி இருக்கும். ஆணி இருக்கும் பக்கம் மேல்பக்கம். அதைப் பார்க்காமல் அவசரத்தில் குத்துகிறவர்களுக்கு இப்படித்தான் விழும். எழுத்தில் பிழை இராது. ஒன்றுக்கொன்று உள்ள உறவும் மாறாது. ஆனால் மேல் கீழாகும், இடம் வலமாகும். இரண்டும் சேர்ந்தே மாறும். கண்ணாடியால் செய்ய முடியாததை அரைச் சுற்று செய்துவிடும்.

அவள் பத்திரத்தின்படி வரைந்த படத்தை மேசையிலேயே மெல்லச் சுற்றினாள். அரைச் சுற்று. தெரு கிழக்கே வந்தது. கிணறு மேற்கே போனது. சந்து தெற்கே இறங்கியது. பொதுச்சுவர் வடக்கே ஏறியது.

அவள் வீடு. அச்சு அசலாக அவள் வீடு.

எப்படி விழுந்தது என்று புரிந்துவிட்டது. ஏன் விழுந்தது? எந்த அவசரக் கை இந்தப் பத்திரத்தைத் தலைகீழாகக் குத்தியது?

அப்போதுதான் தம்பி மூச்சிரைக்க வந்தான். கையில் இரண்டு உறை. அண்ணனைப் பார்த்ததும் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மற்றதை நீட்டினான்.

“மூலப் பத்திர நகல். படிச்சேன்க்கா, ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். பிரயோஜனமில்ல. இதுலயும் அதே தப்புத்தான் இருக்கு. தெரு மேற்குன்னுதான் போட்டிருக்கான்.”

அண்ணன் முகத்தில் ஒரு புன்னகை, தட்டில் எண்ணெய் பரவுவது போல மெதுவாகப் பரவியது. “பாத்தியா?”

“சத்தமா படிடா.”

தம்பி படித்தான். பழைய கையெழுத்து, ஒரே வாக்கியம்.

“‘சந்துக்கு வடக்கு, அச்சகத்துக்குத் தெற்கு, தெருவுக்கு மேற்கு, கிணற்றுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள மனை...’”

“நிறுத்து. தெரு மேற்குன்னா போட்டிருக்கு?”

“ஆமா... தெருவுக்கு மேற்கு.”

“எங்கே, நீ போய் அந்த ஜன்னல்கிட்ட நில்லு. அது தெற்குப் பக்கம். இப்போ நீ எனக்கு எந்தப் பக்கம்?”

“தெற்கு.”

“அப்போ நான் உனக்கு?”

“வட...” தம்பி பாதியில் நின்றான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு சட்டென்று மேலே வந்துவிட்டான். “அக்கா! ‘தெருவுக்கு’ மேற்கு! மனைதான் மேற்கே இருக்கு. தெரு கிழக்கே!”

அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்தில் எல்லையை அப்படித்தான் எழுதினார்கள். நடுவில் நின்று நாலு பக்கமும் கை நீட்டிக் காட்டுவதில்லை. நாலு பக்கத்திலிருந்தும் நடுவே உள்ள நிலத்தைக் காட்டுவார்கள். சந்துக்கு வடக்கு என்றால், சந்திலிருந்து பார்த்தால் நிலம் வடக்கே. நிலத்தில் நின்று பார்த்தால் சந்து தெற்கே. அப்பாவுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். தன் தாளிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போயிருப்பார்: மகளுக்கு, சந்துக்கு வடக்கு, பொதுச்சுவருக்குத் தெற்கு. மகனுக்கு, பொதுச்சுவருக்கு வடக்கு, அச்சகத்துக்குத் தெற்கு.

கட்டம் அதைக் கட்டத்தில் ஏற்றினார். ஒரு கட்டத்தில் ‘வடக்கு’. எதிர்க்கட்டத்தில் ‘சந்து’. நடுவிலிருந்த ‘க்கு’ கட்டத்துக்கு வெளியே உதிர்ந்து விழுந்துவிட்டது. அவர் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை என்பது சத்தியம். குறைத்தார். ஒரே நாளில், இரண்டு பத்திரத்தில், எட்டு இடத்தில்.

அப்பா மனசு மாறவில்லை. கடைசி வரை அவர் அந்த வாசலில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

சீலக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கலங்கியது அப்படியே காய்ந்துவிட்டது. ஆச்சரியப்படவேண்டிய ஒரு மனிதர் ஆச்சரியப்படவே இல்லை. சாவியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியும்” என்றாள். நாற்பத்து நாலு வருடத்தில் முதல்முறையாக ‘நீங்க’ என்ற மரியாதை தானாகக் கழன்று விழுந்தது. “அப்பா எழுதின தாளை நீ எடுத்துட்டுப் போனதே இதுக்குத்தான். ‘க்கு’ இருந்ததைப் பாத்திருக்கே. நாலுல மூணை மாத்திட்டு ஒண்ணைத் தொடாம விட்டா வீடு மாறிடும்னு உக்காந்து கணக்குப் போட்டிருக்கே. அந்தப் பிணநாத்தத்துக்குள்ள என்னைத் தள்ளப் பாத்துட்டு, பினாயில் ஊத்தித் தர்றேன்னு சொல்றே.”

“வார்த்தையை அளந்து பேசு பாப்பா.”

“பாப்பான்னு கூப்பிடாதே. கேக்கவே கூசுது.”

அண்ணன் எழுந்தார். குரலில் இருந்த தேன் முழுக்க வடிந்து, அடியில் இருந்தது தெரிந்தது.

“சரி. உன் ‘க்கு’வை நீயே வெச்சுக்கோ. இன்னைக்குத் தேதிக்கு உன் பத்திரம் தப்பு. அதைத் திருத்த என் கையெழுத்து வேணும். நான் போடமாட்டேன். என்ன பண்ணுவே?”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சிரித்தாள். அன்று முழுவதிலும் அவள் சிரித்தது அப்போதுதான்.

“உன் பத்திரத்துல தெரு எந்தப் பக்கம்ண்ணா?”

அவர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

“மேற்கு. சந்து ஓரத்து வீடு வேணாம், உன் எண்ணெய்க் கிடங்கையாவது விக்க முடியுமா உன்னால? எந்த வக்கீல் அதைப் படிச்சுட்டு வாங்கச் சொல்வான்? உன்னதைத் திருத்தவும் மூணு கையெழுத்து வேணும். அதுல ஒண்ணு என்னோடது.”

“என்னோடதும்” என்றான் தம்பி. “அண்ணே, காலையில போட்டேனே, அதை இப்போ எடுத்துக்கறேன்.” மேசையிலிருந்த திருத்தல் பத்திரத்தை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் ‘பெறப்பட்டது’ சீலை மூன்று முறை குத்தினான். ஆணி பார்த்து, நேராகவே குத்தினான்.

அண்ணன் வெளியேறினார். வாசனைத் திரவியம் மட்டும் கொஞ்ச நேரம் அறையில் தங்கியது. சீலக்கா எழுந்துபோய் ஜன்னல் திரையைக் கழற்றி, அவர் விரல் துடைத்த பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, குப்பைக் கூடையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

“அக்கா, இன்னொண்ணு.” தம்பி சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தான். “வில்லங்கச் சான்று. அவர் முன்னாடி எடுக்க வேணாம்னு வெச்சிருந்தேன். போன மாசம் ஒரு பதிவு ஏறியிருக்கு. சந்து ஓரத்து வீட்டை விக்கிறதா அண்ணன் ஒருத்தருக்கு ஒப்பந்தம் எழுதிக் குடுத்திருக்கார்.”

“யாருக்கு?”

“நீயே பாரேன்.”

அவள் பார்த்தாள். அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதுக்கும் முன் வரிசையில் உட்காரும் பெயர். தாளை மடித்து மைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

“இதை நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்குப் பத்திரம். நான் எழுதித் தர்றதைக் கட்டத்துக்கிட்டக் கொண்டுபோய்க் குடு. கட்டம் போடக் கூடாது, நான் எழுதிக் குடுக்கிற மாதிரியே எழுதணும்னு சொல்லு.”

பேனாவை எடுத்து எழுதினாள்.

ஒரே திருத்தல் பத்திரம். அதில் இரண்டு சொத்தும். இரண்டிலும் நான்கு திசையும் திருப்பப்பட வேண்டும், மூன்று போதாது. பிழைக்குக் காரணம்: பழைய வழக்கப்படி எழுதிய எல்லையைக் கட்டத்தில் ஏற்றும்போது ‘க்கு’ விடுபட்டது. ஆதாரம்: மூலப் பத்திரத்தின் நகல், இத்துடன் இணைப்பு. மூன்று வாரிசுகளும் ஒரே நாளில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போடாவிட்டால் இரண்டு சொத்தும் திருந்தாது, எவராலும் எதையும் விற்க முடியாது. எல்லோரும் போட்டால், கீழே உள்ளது சந்து ஓரத்து வீட்டின் எல்லை:

வடக்கே பொதுச்சுவர். தெற்கே சந்து. மேற்கே கிணறு. கிழக்கே தெரு.